தோள் இறுகியிருக்கும்போது கையை இழுக்கலாமா?

வாசகர் கேள்வி:

எனக்கு வயது 52. அரசுத் தொடக்கப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். ஒன்பது ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறேன். கடைசியாகப் பார்த்த எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் சோதனை) 8.6. ஐந்து மாதங்களுக்கு முன் இடது தோளில் இலேசாக வலி தொடங்கியது. முதலில் இரவில் அந்தப் பக்கம் புரண்டு படுத்தால் மட்டும் வலித்தது. இப்போது கையைத் தோள் உயரத்துக்கு மேல் தூக்க முடியவில்லை. பின்னால் கொண்டுபோக முடியவில்லை. தலை பின்னுவதற்கும் மகளைத்தான் கூப்பிட வேண்டியிருக்கிறது. இடது பக்கம் என்பதால் பயந்து இசிஜி, எக்கோ எல்லாம் எடுத்தோம். இதயத்தில் குறையில்லை என்றார்கள். எக்ஸ்ரேயிலும் ஒன்றுமில்லை. எலும்பு மருத்துவர் சீட்டில் 'பி.ஏ. ஷோல்டர்' என்று எழுதி, பிசியோதெரபி செய்துகொள்ளச் சொன்னார். பத்து நாள் ஒரு மையத்துக்குப் போனேன். கரண்ட் வைத்துவிட்டு, கையைப் பிடித்து அழுத்தி மேலே தூக்கினார்கள், கண்ணீர் வந்துவிட்டது. அங்கே போய்வந்த நாளெல்லாம் இரவு தூக்கமில்லை. நிறுத்திவிட்டேன். கையைத் துணியால் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டு ஓய்வு கொடு என்கிறார் அக்கா. பல்லைக் கடித்துக்கொண்டு செய் என்கிறார் என் கணவர். ஊசி போட்டால் சரியாகும், ஆனால் சர்க்கரை ஏறும் என்கிறார்கள். நான் என்ன செய்வது? எப்போது சரியாகும்? வலது தோளுக்கும் வருமா?

— ஓர் ஆசிரியை, விருதுநகர் மாவட்டம்

பதில்:

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். உங்கள் அக்கா சொல்வதிலும் கணவர் சொல்வதிலும் ஆளுக்குக் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஆனால் இருவருமே இந்த நோய் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே மாதிரி இருக்கும் என்று எண்ணிக்கொண்டு பேசுகிறார்கள். அது அப்படியில்லை. இந்தத் தோள் நோய் கட்டம் கட்டமாக மாறுகிற ஒன்று. ஒரு கட்டத்தில் மருந்தாக இருக்கும் பயிற்சியே வேறொரு கட்டத்தில் புண்ணைக் கிளறுவதாகிவிடும். உங்களுக்கு நேர்ந்தது அதுதான் என்று உங்கள் கடிதத்திலிருந்து எனக்குத் தோன்றுகிறது.

முதலில் பெயரைத் தெளிவுபடுத்திவிடுகிறேன், ஏனெனில் ஒரே நோயை மூன்று பெயரில் கேட்டு மூன்று நோய் என்று கலங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். சீட்டில் இருக்கும் 'பி.ஏ.' என்பது பெரிஆர்த்ரைட்டிஸ் என்பதன் சுருக்கம். மூட்டைச் சுற்றியுள்ள பகுதியின் அழற்சி என்று பொருள். பிரான்ஸ் நாட்டு அறுவை மருத்துவர் துப்ளே 1872-இல் இந்த நோயை விவரித்தபோது வைத்த பெயரின் வழிவந்தது அது. இன்றும் நம் ஊர் மருத்துவர்கள் பலர் அதையே எழுதுகிறார்கள். பாஸ்டன் நகரத்து மருத்துவர் காட்மன் 1934-இல் 'ஃப்ரோசன் ஷோல்டர்' என்றார்; உறைந்த தோள். 1945-இல் நெவியாசர் என்பவர், மூட்டைச் சுற்றியுள்ள உறையே தடித்துச் சுருங்கிவிடுகிறது என்று காட்டி, அதற்கேற்ப 'அட்ஹெசிவ் காப்சுலைட்டிஸ்' என்று பெயர் வைத்தார். மூன்றும் ஒன்றுதான். ஜப்பானியர் இதை 'ஐம்பது வயதுத் தோள்' என்றே தங்கள் மொழியில் அழைக்கிறார்கள்; 40 முதல் 60 வயதுக்குள், ஆண்களைவிடப் பெண்களுக்குச் சற்று அதிகமாக வருகிற நோய் என்பதால் அந்தப் பெயர் பொருந்தித்தான் போகிறது. உறவினர்கள் இதைத் தேய்மானம் என்று சொன்னால் அதை ஏற்க வேண்டாம். முழங்காலில் நாம் காணும் குருத்தெலும்புத் தேய்மானம் வேறு, இது வேறு.

தோள்மூட்டு என்பது சிறிய தட்டொன்றின் மேல் பெரிய எலுமிச்சம்பழத்தை வைத்தது போன்ற அமைப்பு. தட்டு ஆழமில்லாததால்தான் நம்மால் கையை எந்தத் திசையிலும் சுழற்ற முடிகிறது. அந்தப் பழமும் தட்டும் விலகாமல் சுற்றிலும் ஒரு மெல்லிய பை போர்த்தியிருக்கிறது. அதன் அடிப்பகுதி, அக்குள் பக்கத்தில், மடிப்பாகத் தொங்கிக்கொண்டிருக்கும். கையைத் தூக்கும்போது அந்த மடிப்பு விரிந்து இடம் கொடுக்கிறது. இதை உங்களுக்கு விளக்க ரவிக்கையைவிட நல்ல உவமை எனக்குக் கிடைக்கவில்லை. தையற்காரர் அக்குளில் துணியைப் பிடித்துத் தைத்துவிட்டால், கையைத் தூக்கியதும் என்ன ஆகிறது? கை மேலே போவதற்குப் பதிலாக ரவிக்கை முழுவதும் இடுப்பிலிருந்து மேலே ஏறுகிறது. உங்கள் தோளிலும் அதுவே நடக்கிறது. கண்ணாடி முன் நின்று இரண்டு கைகளையும் பக்கவாட்டில் மெதுவாக உயர்த்திப் பாருங்கள். வலது கை இயல்பாகப் போகும், இடது கை சற்றுத் தூரம் போனதும் தோள் முழுவதும் காதை நோக்கி எம்பும். கை நகரவில்லை, தோள்பட்டை எலும்பு அதைச் சுமந்துகொண்டு போகிறது. ஆரோக்கியமான தோள்மூட்டின் பைக்குள் ஊசி வழியாக ஏறத்தாழ 15 முதல் 30 மில்லி லிட்டர் வரை திரவத்தைச் செலுத்த முடியும். இறுகிய தோளில் பெரும்பாலும் 10 மில்லி, அதாவது இரண்டு தேக்கரண்டிகூடக் கொள்ளாது. இந்தப் பை எக்ஸ்ரேயில் தெரியாது. ஆகவே எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்று வந்ததற்கும் உங்கள் வலிக்கும் முரண்பாடு இல்லை; எலும்பு முறிவு, மூட்டு விலகல், மூட்டு வாதம் முதலியவை இல்லை என்பதை உறுதிப்படுத்தவே அது தேவைப்பட்டது.

கடிதத்தை மட்டும் வைத்து நோயை முடிவு செய்வது என் வழக்கமில்லை. ஆனால் வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய ஓர் எளிய சோதனை உண்டு. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டு முழங்கைகளையும் விலாவோடு ஒட்டி, செங்கோணமாக மடக்கி, உள்ளங்கைகள் ஒன்றையொன்று பார்க்குமாறு வைத்துக்கொள்ளுங்கள். முழங்கை விலாவை விட்டு நகராமல், இரு கைகளையும் கதவு திறப்பதுபோல் வெளிப்பக்கம் விரியுங்கள். வலது கை நன்றாக விரியும். இடது கை சிறிதளவே விரிந்து நின்றுவிட்டால், இப்போது உங்கள் மகளை அந்தக் கையைப் பிடித்து மிக மென்மையாக இன்னும் கொஞ்சம் வெளியே நகர்த்தச் சொல்லுங்கள். அவர் முயன்றும் அதே இடத்தில் சுவரில் முட்டியதுபோல் நின்றால், அது பை இறுகியதன் அடையாளம். மாறாக, நீங்களாகத் தூக்க முடியாத கை பிறர் தூக்கினால் எளிதாக மேலே போகிறது என்றால், பிரச்சினை பையில் இல்லை. தோளைச் சுழற்றும் தசைநாண் கிழிந்திருக்கலாம், அதற்கு வைத்தியம் வேறு. கழுத்து நரம்பு அழுத்தத்தால் வரும் வலி என்றால் கழுத்தைத் திருப்பும்போது கூடும், முழங்கைக்குக் கீழே விரல்வரை மரத்துப்போவதும் உண்டு; அப்படி எதையும் நீங்கள் எழுதவில்லை. கையை வெளிப்பக்கம் திருப்புவதுதான் இந்த நோயில் முதலில் பறிபோகிற அசைவு, பிறகுதான் பக்கவாட்டில் தூக்குவதும் பின்னால் கொண்டுபோவதும். ஆனால் பெண்கள் பலரும் கவனிப்பது முதுகுப்பக்கம் உள்ளாடைக் கொக்கி மாட்ட முடியவில்லை என்பதைத்தான். அன்றாட வாழ்வில் அதுதானே இடிக்கிறது.

சர்க்கரை நோய்க்கும் இதற்கும் உள்ள தொடர்பு நெருங்கியது. பொதுமக்களில் நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து பேருக்கு வரும் இந்த நோய், சர்க்கரை உள்ளவர்களில் நூற்றுக்குப் பத்துக்கு மேற்பட்டவர்களுக்கு வருகிறது. இரத்தத்தில் மிகுந்திருக்கும் சர்க்கரை, தசைநாண்களையும் மூட்டுப் பைகளையும் கட்டியிருக்கும் கொலாஜன் என்னும் புரத இழைகளோடு ஒட்டிக்கொண்டு, அவற்றைக் குறுக்கும் நெடுக்குமாகப் பிணைத்துவிடுகிறது. நெகிழ வேண்டிய இழை விறைத்துவிடுகிறது. இது தோளோடு நிற்பதும் இல்லை. நீங்கள் இப்போதே கும்பிடுவதுபோல் இரு உள்ளங்கைகளையும் சேர்த்துப் பாருங்கள். விரல்கள் முழு நீளத்துக்கும் ஒன்றோடொன்று படியாமல் இடையில் வெளிச்சம் தெரிந்தால், விரல் மூட்டுகளிலும் அதே விறைப்பு தொடங்கியிருக்கிறது என்று பொருள். அதை உங்கள் சர்க்கரை மருத்துவரிடம் சொல்லுங்கள். தைராய்டு கோளாறு உள்ளவர்களுக்கும் தோள் இறுக்கம் அதிகமாக வருவதால், டிஎஸ்எச் என்னும் தைராய்டு இரத்தப் பரிசோதனை பார்த்து நாளாகியிருந்தால் அதையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. எச்பிஏ1சி 8.6-லிருந்து இறங்கினால் தோள் மறுவாரமே விட்டுவிடும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஊசியா, அறுவையா என்று எந்தப் பேச்சு வந்தாலும் அந்த எண்தான் முதலில் குறுக்கே நிற்கும்.

இனிக் கட்டங்களுக்கு வருகிறேன். முதற்கட்டம் வலிக் கட்டம். பையின் உட்புறச் சவ்வு வீங்கிச் சிவந்து, இரத்த நாளங்கள் பெருகியிருக்கும்; இரவில் வலி கூடும், திடுக்கென்று கை அசைந்தால் உயிர் போவதுபோல் இருக்கும், அதன் கூடவே இறுக்கமும் வளர்ந்துகொண்டே போகும். இது இரண்டு முதல் ஒன்பது மாதம் வரை நீடிக்கலாம். அடுத்தது இறுக்கக் கட்டம். வலி தணிந்து, அசைவின் கடைசியில் மட்டும் வலிக்கும், ஆனால் தோள் பூட்டுப் போட்டதுபோல் இருக்கும். இது நான்கு மாதம் முதல் ஓராண்டு வரை போகலாம். மூன்றாவது, இளகும் கட்டம். அசைவு சிறுகச் சிறுகத் திரும்பும். ஐந்து மாதத்தில் முடிபவர்களும் உண்டு, இரண்டு ஆண்டு எடுப்பவர்களும் உண்டு. பாடநூலில் இப்படிக் கோடு போட்டுப் பிரித்திருந்தாலும் உடம்பில் ஒரு கட்டம் இன்னொன்றுக்குள் கலந்துதான் கிடக்கிறது. இரவுத் தூக்கம் கெடுகிறது, சிகிச்சைக்குப் பிறகு வலி மணிக்கணக்கில் நிற்கிறது என்று நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், ஐந்து மாதம் ஆகியும் நீங்கள் வலிக் கட்டத்தைத் தாண்டவில்லை என்றே கொள்கிறேன்.

வலிக் கட்டத்தில் கையைப் பிடித்து அழுத்தித் தூக்குவது, வீங்கியிருக்கும் சவ்வை மேலும் சீண்டுவதாகும். எதைத் தளர்த்த நினைக்கிறோமோ அது இன்னும் சுருண்டுகொள்ளும். தசைகளும் பயந்து இறுகிக்கொள்ளும். நானும் பிசியோதெரபி செய்பவன்தான்; என் தொழிலைச் சேர்ந்த ஒருவரை இங்கே குறை கூறுவது என் நோக்கமன்று. தொழிலுக்கு வந்த புதிதில் நானும் வந்தவர்களுக்கெல்லாம் தோளை அழுத்தித் தூக்கியவன்தான். முந்தைய நாளைவிட ஐந்து டிகிரி கூடிவிட்டது என்று கோணமானியைப் பார்த்து மகிழ்ந்தவன், மறுநாள் காலை அந்த ஐந்தோடு இன்னும் ஐந்தும் சேர்ந்து குறைந்திருப்பதைப் பார்த்த பிறகுதான் பாடம் கற்றேன். நெதர்லாந்தில் செய்து 2004-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், 77 நோயாளிகளில் ஒரு பிரிவினருக்கு வலியைத் தாண்டியும் தீவிரமாக நீட்டிப்புச் சிகிச்சை கொடுத்தார்கள்; மற்றொரு பிரிவினருக்கு நோயை விளக்கி, வலிக்காத எல்லைக்குள் அசைவுகளும் கையை ஊசலாட்டும் பயிற்சியும் மட்டும் சொன்னார்கள். இரண்டு ஆண்டு முடிவில் வலியின்றி இயல்பை நெருங்கியவர்கள், தீவிரச் சிகிச்சைப் பிரிவில் 63 விழுக்காடு; மென்மையாக விட்ட பிரிவில் 89 விழுக்காடு. ஆய்வு சிறியது, அதையே வேதவாக்காகக் கொள்ள வேண்டியதில்லை. இருந்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு செய்யச் சொல்லும் உங்கள் கணவருக்கு இந்த இரண்டு எண்களையும் நீங்கள் காட்டலாம்.

அதற்காக அக்கா சொல்வதுபோல் துணியில் கட்டித் தொங்கவிடவும் கூடாது. அசையாத தோள் இன்னும் வேகமாக இறுகும், கூடவே முழங்கையும் விரல்களும் விறைக்கும். வலிக் கட்டத்தில் தோளுக்குத் தேவை அடிக்கடி, கொஞ்சமாக, வலியைத் தொடாத அசைவு. ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் செய்வதைவிட, ஒரு தடவைக்கு ஐந்து நிமிடமாக நாளுக்கு நான்கு தடவை செய்வது மேல்.

முதலில் தூக்கத்தைச் சரிசெய்வோம், ஏனெனில் தூங்காத உடம்பில் வலி இரட்டிப்பாகும். மல்லாந்து படுக்கும்போது தோள் மெத்தையில் இருக்கும், ஆனால் முழங்கை அதைவிடத் தாழ்ந்து பின்னால் சரியும். அந்தச் சிறிய சரிவுதான் நடு இரவில் உங்களை எழுப்புகிறது. போர்வை ஒன்றை நான்காக மடித்து, இடது மேற்கைக்கு அடியில், முழங்கைவரை தாங்குமாறு வைத்துக்கொள்ளுங்கள்; உள்ளங்கை வயிற்றின் மேல் இருக்கட்டும். வலது பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் ஒரு தலையணையை மார்போடு அணைத்து, இடது கையை அதன் மேல் கிடத்துங்கள். இடது பக்கம் படுப்பதைச் சில மாதங்களுக்கு மறந்துவிடுங்கள். படுக்கும் முன் பத்து நிமிடம் வெந்நீர்ப் பை வைக்கலாம். ஆனால் சர்க்கரை உள்ளவர்களுக்குத் தோலில் சூடு சரியாகத் தெரியாமல் போவதுண்டு, ஆகவே பையைத் துண்டில் சுற்றி, சூட்டை முதலில் வலது கையில் வைத்துப் பார்த்து, தூங்கிப்போகும் முன் எடுத்துவிட வேண்டும். வெந்நீர்ப் பையோடு தூங்கிக் கொப்புளத்தோடு எழுந்தவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள்.

இப்போது செய்ய வேண்டிய பயிற்சிகள் மூன்றே மூன்று. வலது கையை மேசையில் ஊன்றி, இடுப்பிலிருந்து முன்னால் குனிந்து, இடது கையைக் கிணற்றில் விட்ட வாளிக் கயிறுபோல் தொங்கவிடுங்கள். கையை நீங்கள் ஆட்டக் கூடாது. உடம்பை முன்னும் பின்னும் மெல்ல அசைத்தால் கை தானாக ஊசலாடும். இரண்டு நிமிடம் போதும். குனிந்தால் தலை சுற்றும் என்றால் இதை விட்டுவிடலாம். அடுத்து, மேசை முன் நாற்காலி போட்டு உட்கார்ந்து, இடது உள்ளங்கைக்கு அடியில் ஒரு துணியை வைத்து, மேசை துடைப்பதுபோல் முன்னால் வழுக்கவிடுங்கள். இங்கேயும் கையைத் தள்ளாமல், இடுப்பை வளைத்து உடம்பை முன்னால் கொண்டுபோனால் கை அதனோடு போகும். இழுவிசை தெரிகிற இடத்தில், வலி எழும் முன்பே நின்று, ஐந்து மூச்சு விட்டுவிட்டுத் திரும்பி வாருங்கள், பத்து முறை. தலைக்கு மேல் கையைத் தூக்குவதும் இதுவும் தோள்மூட்டின் கணக்கில் ஒன்றுதான். ஆனால் கையின் பாரத்தை மேசை சுமப்பதால் தோளுக்குப் பயம் எழுவதில்லை. மூன்றாவது, மல்லாந்து படுத்து, இடது முழங்கைக்கும் விலாவுக்கும் இடையில் சுருட்டிய துண்டை வைத்துக்கொண்டு, முழங்கையை மடக்கி, ஒரு குடையை இரு கைகளாலும் குறுக்காகப் பிடியுங்கள். வலது கை குடையை மெதுவாக இடப்பக்கம் தள்ளட்டும். இடது கை தானாக முயலாமல் அதன் போக்கில் வெளியே திறக்கட்டும். மிகக் குறைந்த அளவே திறக்கும், மனம் தளர வேண்டாம். நான் மேலே சொன்ன முதலில் பறிபோகும் அசைவு இதுதான், ஒரு விரற்கடை திரும்பினாலும் இலாபம்.

அளவு தெரிந்துகொள்ள நான் எல்லாரிடமும் சொல்லும் விதி ஒன்று. பயிற்சி முடிந்து அரை மணிக்குள் வலி பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். அன்றிரவு வழக்கத்தைவிட அதிகம் வலித்தாலோ மறுநாள் காலை தோள் முந்தைய நாளைவிட இறுக்கமாக இருந்தாலோ நீங்கள் எல்லை மீறிவிட்டீர்கள். அடுத்த நாள் பாதியாகக் குறையுங்கள், ஆனால் நிறுத்தாதீர்கள். தினமும் அளந்து பார்க்கவும் வேண்டாம். பதினைந்து நாளுக்கு ஒருமுறை, ஒரே நேரத்தில், சுவரைப் பார்த்து நின்று, வலியில்லாமல் விரல் எட்டும் உயரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் தேதியை எழுதுங்கள். உங்கள் பிள்ளைகள் வளர்ந்ததைச் சுவரில் குறித்தது நினைவிருக்கும், அதே வேலைதான். எட்டும்போது தோள் காதை நோக்கி எம்பாமல் பார்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கோடு பொய் சொல்லும்.

கரண்ட் வைப்பது பற்றிக் கேட்கவில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். ஐஎஃப்டி, டென்ஸ் போன்ற மின் சிகிச்சைகள் சிலருக்குச் சில மணி நேரம் வலியைத் தணிக்கின்றன. அவை சுருங்கிய பையை விரிப்பதில்லை. அவற்றுக்காகவே நாள்தோறும் பேருந்தேறிப் போய்ப் பணம் கட்ட வேண்டிய அவசியம் இல்லை. எண்ணெய் தேய்த்து மென்மையாக நீவுவதிலும் தீங்கு இல்லை. சுளுக்கு எடுப்பதாகச் சொல்லிக் கையைச் சுண்டி இழுப்பவர்களிடம் மட்டும் போகாதீர்கள். விறைத்த தோளில் வலுவாகத் திருகினால் மேற்கை எலும்பே முறியக்கூடும்.

அன்றாட வேலைகளில் சில மாற்றங்கள் உதவும். உடுத்தும்போது இடது கையை முதலில் நுழையுங்கள், கழற்றும்போது கடைசியாக எடுங்கள். கொக்கி முன்பக்கம் உள்ள ரவிக்கைகளையே தைத்துக்கொள்ளுங்கள். உள்ளாடைக் கொக்கியை முன்னால் மாட்டிப் பின்னால் திருப்பிக்கொள்ளலாம். தலை பின்னும்போது இடது முழங்கையை மேசையில் ஊன்றித் தலையைக் கையை நோக்கிச் சாய்த்தால் ஓரளவு முடியும். முடியாத நாளில் மகளைக் கூப்பிடுவதில் குற்றம் ஒன்றும் இல்லை. பேருந்தில் நின்று பயணம் செய்வீர்கள் என்றால், இடது கையால் மேல்கம்பியைப் பிடிக்கவே பிடிக்காதீர்கள். வலிக் கட்டத்தில் இருக்கும் தோளுக்கு ஓட்டுநரின் ஒரு பிரேக் பத்து நாள் பின்னடைவு. பையை உடம்பின் குறுக்காக மாட்டிக்கொண்டு, வலது கையால் இருக்கையின் முதுகுக் கம்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஊசி விஷயம். மூட்டுப் பைக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசி, வலிக் கட்டத்தில்தான் நன்றாகப் பயன்படுகிறது. இறுகிப்போன பிறகு அதன் பலன் குறைவு. ஆகவே அதைக் கடைசி வழியாக ஒத்திப்போடுவது நம்மிடம் பரவலாக இருக்கும் தவறு. பலன் பெரும்பாலும் சில வாரங்கள் முதல் இரண்டு மூன்று மாதம் வரை நிற்கும்; நோயின் மொத்தக் காலத்தையும் அது அழித்துவிடாது, ஆனால் அந்த வலியற்ற வாரங்களில் மேசைப் பயிற்சியையும் குடைப் பயிற்சியையும் செய்தால்தான் ஊசிக்குக் கொடுத்த காசுக்கு மதிப்பு. சர்க்கரை ஏறும் என்பது உண்மைதான்; பெரும்பாலும் போட்ட நாளோ மறுநாளோ ஏறத் தொடங்கிச் சில நாள்களில், சிலருக்கு ஒரு வாரத்தில், இறங்கிவிடும். சர்க்கரை நோய் இருப்பதாலேயே ஊசி கூடாது என்பதில்லை. உங்கள் எண் 8.6 என்பதால், முதலில் சர்க்கரை மருத்துவரிடம் பேசி, ஊசிக்குப் பின் வரும் வாரத்தில் வீட்டிலேயே குளுக்கோமீட்டரால் அடிக்கடி பார்க்க ஏற்பாடு செய்துகொண்டு, எலும்பு மருத்துவரிடம் செல்லுங்கள். நான் ஊசி போடுபவன் அல்லன், முடிவு அவர்கள் இருவருடையது. ஆனால் இரவு தூங்க முடியாமல் ஐந்து மாதம் போன ஒருவர் அந்தக் கேள்வியையாவது எழுப்ப வேண்டும் என்பது என் கருத்து. ஊசியைவிட எனக்குக் கவலை தருவது மருந்துக்கடையில் நாமாகக் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் விழுங்கும் வலி மாத்திரைகள்தான். சர்க்கரையால் ஏற்கெனவே சுமை தாங்கும் சிறுநீரகத்துக்கு அவை கூடுதல் சுமை. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் இரத்தப் பரிசோதனை பார்க்காமல் தொடர வேண்டாம்.

மயக்கம் கொடுத்துக் கையைத் திருகி விடுவிப்பது, துளை வழியாகப் பையை அறுத்து விடுவிப்பது ஆகிய வழிகளும் இருக்கின்றன. பிரிட்டனில் 503 நோயாளிகளிடம் இவ்விரண்டையும் ஊசியோடு சேர்ந்த முறையான பிசியோதெரபியையும் ஒப்பிட்டு 2020-இல் வெளியிட்ட ஆய்வில், ஓராண்டு முடிவில் எதுவும் மற்றதைவிட நோயாளிக்குப் பொருட்படுத்தத்தக்க அளவு மேலானதாக இல்லை என்றே கண்டார்கள். ஐந்தாம் மாதத்தில் நீங்கள் அவற்றை நினைக்கவே வேண்டாம்.

எப்போது சரியாகும் என்று கேட்டிருக்கிறீர்கள். தொடங்கிய நாளிலிருந்து கணக்கிட்டால் ஒன்று முதல் மூன்று ஆண்டு என்பதுதான் நேர்மையான பதில். சர்க்கரை உள்ளவர்களுக்குச் சற்று இழுக்கும். சிலருக்குக் கடைசிச் சில டிகிரிகள் திரும்பாமலே போவதும் உண்டு. ஆனால் வலி அவ்வளவு காலம் இருக்காது. பெரும்பாலானவர்கள் முதலில் தூக்கத்தை மீட்கிறார்கள், பிறகு சீப்பை, கடைசியில் முதுகுக் கொக்கியை. ஒருமுறை வந்து சரியான தோளில் இது மீண்டும் வருவது அரிது. மறு தோளுக்கு வருவது அவ்வளவு அரிதன்று. அடுத்த சில ஆண்டுகளுக்குள் சிலருக்கு வருகிறது, சர்க்கரை உள்ளவர்களுக்கு வாய்ப்பு கூடுதல். அதனால் அந்தக் கதவு திறக்கும் சோதனையை மாதம் ஒருமுறை வலது கைக்கும் செய்து பாருங்கள். குறையத் தொடங்கினால் ஐந்து மாதம் காத்திருக்க வேண்டாம்.

இதயத்தைப் பற்றியும் ஒரு சொல். இசிஜி, எக்கோ நன்றாக இருந்தது நல்ல செய்தி. ஆனால் அது அன்றைய நிலைதான். கையை அசைக்காமலே, படியேறும்போதோ வேகமாக நடக்கும்போதோ இடது தோளிலோ தாடையிலோ வலி வந்து, நின்றால் அடங்கினால், அல்லது வியர்வை, மூச்சுத் திணறல் சேர்ந்து வந்தால், அதைத் தோள் வலி என்று ஒதுக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சர்க்கரை உள்ளவர்களுக்கு மாரடைப்பு வழக்கமான நெஞ்சுவலி இல்லாமலும் வரக்கூடும். தோள் வீங்கிச் சூடாகிக் காய்ச்சல் வந்தாலும், காரணமின்றி எடை குறைந்தாலும் அப்படியே.

பிசியோதெரபியை நிறுத்தியதாக எழுதியிருக்கிறீர்கள். அதை மீண்டும் தொடங்கலாம், ஆனால் நாள்தோறும் போக வேண்டாம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போதும். முதல் நாளே அவரிடம், "என் தோள் எந்தக் கட்டத்தில் இருக்கிறது, வெளிப்பக்கம் எத்தனை டிகிரி திரும்புகிறது?" என்று கேளுங்கள். கோணமானியை எடுத்து அளந்து எழுதி வைப்பவரிடம் தொடருங்கள். அளக்காமல் நேரே கையைப் பிடித்துத் தூக்க வருபவரிடம், இரவு வலி இன்னும் இருக்கிறது என்று சொல்லிக் கையை மரியாதையாக விடுவித்துக்கொள்ளுங்கள். இரவு வலி அடங்கி, சுவரில் மூன்று கோடுகள் விழுந்த பிறகு எனக்கு மீண்டும் எழுதுங்கள். சுவரில் விரல் ஏற்றுவது, முதுகுக்குப் பின்னால் துண்டை இழுப்பது, கதவில் கப்பி மாட்டிக் கயிறு இழுப்பது எல்லாம் அடுத்த கட்டத்துக்கானவை. அவற்றின் அளவை அந்த மூன்று கோடுகளைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.